ஸ்வெட்டர் பேட்டர்ன் தொகுப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் கைக் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள்

கையால் ஸ்வெட்டர் பின்னுவதற்கான பேட்டர்ன் (செய்முறை) தொகுப்பு ஒன்று தேறுமா தேறாதா என்பது வாங்கிய அன்று தெரியாது. அதிலிருந்து மூன்று நான்கு ஸ்வெட்டர் பின்னி, அவற்றைப் பலமுறை துவைத்து உலர்த்திய பிறகுதான் குட்டு வெளிப்படும். முப்பது டிசைன் இருக்கும் தொகுப்பில்கூடக் கடைசியில் திரும்பத் திரும்பப் புரட்டுவது இரண்டு மூன்று பக்கங்களைத்தான்: சாதா ராக்லான் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்ந்த கோட்டில் கை இணையும் ஸ்வெட்டர்) ஒன்று, முன்பக்கம் பட்டன் வைத்த கார்டிகன் ஒன்று, மிஞ்சினால் கேபிள் (கயிறு முறுக்கியது போன்ற பின்னல்) போட்ட கனமான ஸ்வெட்டர் ஒன்று. மற்றவை கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று பக்கங்களில் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

அட்டைப் படத்துக்கு மதிப்பெண் போடவே கூடாது. மாடல் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அக்குள் தெரியாது. தலைமுடி தோளில் விழுந்திருந்தால் கழுத்து தெரியாது. முதுகுப்பக்கப் படம் ஒன்றுகூட இல்லாத டிசைனைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்கழுத்தை உயர்த்தாமல் விட்ட பேட்டர்ன்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே உயரத்தில் இருந்தால், போட்டுக்கொண்டதும் ஸ்வெட்டர் பின்னால் சரிந்து முன்கழுத்து தொண்டையை இறுக்கும். பின்பக்கம் மட்டும் சில பாதி வரிசைகள் (வரிசையை முடிக்காமல் நடுவிலேயே திரும்பிப் பின்னுவது) போட்டு 2 முதல் 3 செ.மீ. உயர்த்தினால் இது தீரும். நல்ல தொகுப்பு அந்தப் பாதி வரிசைகளை அளவு வாரியாக எழுதியிருக்கும்.

அடுத்து அளவுப் படம். கோட்டுச் சித்திரமாக உடல், கை, கழுத்து வரைந்து ஒவ்வொன்றுக்கும் செ.மீ. போட்டிருக்க வேண்டும். மார்புச் சுற்றளவு, உடல் நீளம், கை நீளம் என்று மூன்றை மட்டும் தந்துவிட்டுச் சும்மா இருக்கும் தொகுப்புகள் நிறைய. அது போதாது. மேல்கைச் சுற்றளவு, தோளிலிருந்து அக்குள் வரை ஆழம், கழுத்து அகலம், மணிக்கட்டுச் சுற்று இந்த நான்கும் வேண்டும். கூடவே, எழுதியிருப்பது உடம்பின் அளவா, முடிந்த ஸ்வெட்டரின் அளவா என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். 92 செ.மீ. மார்புக்கு 100 செ.மீ. ஸ்வெட்டர் என்றால் 8 செ.மீ. லூஸ். உள்ளே சட்டை போட்டு மேலே அணிய அது வசதி. அதே 92 என்ற எண்ணை ஸ்வெட்டரின் அளவாக எடுத்துப் போட்டுவிட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

கேஜ், அதாவது 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி (ஒரு பின்னல் வளையம்), எத்தனை வரிசை என்ற கணக்கு, எல்லாத் தொகுப்பிலும் இருக்கும். 22 கண்ணி, 30 வரிசை என்று வைத்துக்கொள்வோம். உடலுக்கு 220 கண்ணி என்றால் 100 செ.மீ. நீங்கள் பின்னும்போது 20 கண்ணிதான் வருகிறதென்றால் அதே ஸ்வெட்டர் 110 செ.மீ. ஆகிவிடும். இரண்டு கண்ணி வித்தியாசத்தில் ஒரு முழு அளவு ஏறிவிடுகிறது. இது பலருக்கும் தெரியும். வரிசைக் கணக்கைத்தான் கண்டுகொள்வதில்லை. 60 சுற்று கொண்ட யோக் (கழுத்திலிருந்து அக்குள் வரையான மேல்பகுதி) 30 வரிசைக் கேஜில் 20 செ.மீ. ஆழம் வரும். இறுக்கமாகப் பின்னி 33 வரிசை விழுகிறவருக்கு 18 செ.மீ.தான் வரும், அக்குள் வெட்டும். வரிசைக் கேஜே தராமல் கண்ணியை மட்டும் சொல்லும் தொகுப்பு கடையிலேயே இருக்கட்டும்.

இப்போது தலைப்பில் சொன்ன கைக் கண்ணி, அதாவது ஸ்வெட்டரின் கைப்பகுதியில் வரும் கண்ணிகள். வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, மேலிருந்து கீழே போடும் ராக்லான் பேட்டர்ன் ஒன்றைத் தாளில் கூட்டிப் பாருங்கள். கேஜ் அதே 22, 30. கழுத்தில் 96 கண்ணி: முன் 32, பின் 32, கைக்கு 16 வீதம் இரண்டு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, பகுதிக்கு 2 வீதம் 8 கண்ணி கூட்டு, இப்படி 30 முறை. ஒவ்வொரு பகுதியிலும் 60 கூடும். முன் 92, பின் 92, கை 76. அக்குளில் பக்கத்துக்கு 10 சேர்த்தால் உடல் 204 கண்ணி, கிட்டத்தட்ட 93 செ.மீ. கை 86 கண்ணி, 39 செ.மீ. 93 செ.மீ. உடலுக்கு 39 செ.மீ. கை என்பது தொளதொளவென்று இருக்கும், அக்குளில் துணி மடிந்து நிற்கும். பொதுவாக மேல்கை உடல் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கோ, சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் சரியாக விழும். இதே பேட்டர்னில் கைக்கு 24 முறை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்தி, உடலுக்கு மட்டும் மீதி 6 முறை கூட்டினால் கை 74 கண்ணி, 33.6 செ.மீ. கச்சிதம்.

பெரிய அளவுகளில்தான் வேடிக்கை. 120 செ.மீ. உடலுக்கு 264 கண்ணி வேண்டும். அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், அக்குளில் பக்கத்துக்கு 14 சேர்த்தால், 43 முறை கூட்ட வேண்டும். அது 86 சுற்று, 28.7 செ.மீ. ஆழம். கை 116 கண்ணி, 52 செ.மீ.க்கு மேல்! அக்குள் விலா வரை இறங்கிவிடும், கையைத் தூக்கினால் முழு ஸ்வெட்டரும் மேலே ஏறும். மனிதர்களுக்கு மார்பு அகலும் அளவுக்குத் தோளும் கையும் அகலுவதில்லை. இதைப் புரிந்து எழுதியவர்கள் பெரிய அளவுகளில் உடலுக்கு ஒவ்வொரு சுற்றிலும், கைக்கு இடைவெளி விட்டும் கூட்டச் சொல்லியிருப்பார்கள். எல்லா அளவுக்கும் ஒரே வாக்கியம், அடைப்புக்குறிக்குள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால், நடு அளவு ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் பெருக்கி எழுதிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம்.

கைக்கு இன்னொரு சோதனை. மணிக்கட்டில் 48 கண்ணி, மேல்கையில் 74 என்றால் வித்தியாசம் 26, முறைக்கு 2 வீதம் 13 முறை. 8 வரிசைக்கு ஒருமுறை என்றால் 104 வரிசை, 34.7 செ.மீ. 45 செ.மீ. கையில் ரிப் (மணிக்கட்டில் வரும் இழுபடும் பட்டை) 6 போக 39 மிச்சம், அதற்குள் அடங்கும். 10 வரிசைக்கு ஒருமுறை என்று அச்சாகியிருந்தால் 43 செ.மீ. ஆகும், கைக்குள் அடங்கவே அடங்காது. இப்படிப்பட்ட பிழைகள் பிரபலமான தொகுப்புகளிலும் வரும். அதில் குற்றமில்லை. திருத்தப் பட்டியல் வெளியிடுகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூட்டிய அல்லது குறைத்த ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் மொத்தக் கண்ணி எத்தனை என்று எழுதியிருந்தால், பிழை யாருடையது என்று அங்கேயே பிடித்துவிடலாம். எழுதாவிட்டால் நாற்பது வரிசை தாண்டிப் பிரிக்க நேரும்.

"அதே சமயம்" என்ற சொல்லுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அக்குள் குறைப்பை ஒரு பத்தி முழுக்க விவரித்துவிட்டு, அடுத்த பத்தியில் "அதே சமயம் 12ஆம் வரிசையில் கழுத்தைத் தொடங்கவும்" என்பார்கள். படித்துக்கொண்டே போடுகிறவர் அதற்குள் 30ஆம் வரிசையில் இருப்பார். அட்டவணையாகப் போட்டு, வரிசை எண்ணுக்கு எதிரே கழுத்துக்கு என்ன, அக்குளுக்கு என்ன என்று காட்டும் தொகுப்புகள் அரிது. கிடைத்தால் விடாதீர்கள்.

ஊசி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. எண் 8 என்றால் பழைய பிரிட்டிஷ் முறையில் 4 மி.மீ., அமெரிக்க முறையில் 5 மி.மீ. பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். மி.மீ. போடாத பழைய தொகுப்பு என்றால் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் மி.மீ. எழுதிவிடுங்கள். மாஸ் ஸ்டிச் என்ற பின்னல் வகையின் பெயரும் அப்படித்தான்: பிரிட்டனில் அந்தப் பெயரில் சொல்வதை அமெரிக்காவில் சீட் ஸ்டிச் என்பார்கள். அமெரிக்கர் மாஸ் என்றால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை இடம் மாறும் வேறு பின்னல். சுருக்கக் குறிகளின் பட்டியல் தொகுப்பிலேயே இருந்தால் குழப்பமில்லை.

சார்ட் (பின்னலைக் கட்டங்களில் காட்டும் வரைபடம்) மட்டும் உள்ளதா, எழுத்து விளக்கமும் உள்ளதா என்பது அவரவர் பழக்கம். கேபிளுக்கும் கலர் டிசைனுக்கும் சார்ட்தான் மேல். துணியின் வெளிப்பக்க வரிசையை வலமிருந்து இடமாகவும், உட்பக்க வரிசையை இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். வட்ட ஊசியில் எல்லாச் சுற்றும் வலமிருந்து இடம். கட்டங்கள் கடுகு போல் இருந்தால் மாலை வெளிச்சத்தில் வேலை நடக்காது, பெரிதாக்கி நகல் எடுக்கத்தான் வேண்டும்.

ஜப்பானியத் தொகுப்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மொழி தெரியாமலே போட முடிகிற அளவுக்குப் படமும் குறியீடும் ஒழுங்காக இருக்கும். "2-1-3" என்றால் 2 வரிசைக்கு ஒருமுறை, 1 கண்ணி, 3 முறை. இவ்வளவு தெரிந்தால் கழுத்து வளைவைப் போட்டுவிடலாம். குறை என்னவென்றால் பெரும்பாலும் ஒரே அளவுதான் இருக்கும். சற்றுத் தடித்த நூலும் ஊசியும் எடுத்து 22 கண்ணிக் கேஜை 20 ஆக்கினால் 92 செ.மீ. உடல் 101 ஆகும். நீளமும் வரிசைக் கேஜுக்கு ஏற்ப மாறும் என்பதை மறக்கக் கூடாது.

நூல் கணக்கை எடையில் மட்டும் தரும் தொகுப்பு காலப்போக்கில் பயனற்றுப் போகும், ஏனெனில் அதில் சொன்ன நூல் சில ஆண்டுகளில் கடையில் இருக்காது. மீட்டர் வேண்டும். 125 மீ. கொண்ட 50 கிராம் உருண்டை 11 என்றால் மொத்தம் 1375 மீ. நீங்கள் வாங்குவது 50 கிராமுக்கு 100 மீ. என்றால் 14 உருண்டை. "11 உருண்டை" என்பதை அப்படியே நம்பி வாங்கினால் இரண்டாவது கை பாதியில் நிற்கும், அப்போது கடையில் அதே சாய எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்குத் தரும் எண்) இருக்காது. ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். கேபிள் டிசைன் என்றால் கேஜையும் கேபிள் மேலேயே கொடுத்திருக்க வேண்டும். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்கே இழுப்பதால், சாதா பின்னலில் எடுத்த கேஜ் அங்கே செல்லாது.

துவைத்த பிறகு நடப்பதைப் பற்றிப் பேசும் தொகுப்புகள் குறைவு. மெஷினில் துவைக்கும் வகையில் பதப்படுத்திய கம்பளியில், இழைகளின் செதில்கள் மழுங்கடிக்கப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று பற்றாது. நனைந்ததும் நீளும். பருத்திக்கு மீள்தன்மை குறைவு, ரிப் தளர்ந்துவிடும். இவற்றில் தையலே இல்லாத ராக்லான் போட்டால் சில மாதங்களில் உடல் இறங்கிக் கழுத்து அகலும். தனித்தனித் துண்டுகளாகப் போட்டுத் தோளையும் பக்கத்தையும் தைக்கும் பழைய பாணிதான் கனமான நூலைத் தாங்கும். தையல் வேலைக்குப் பயந்து எல்லா டிசைனையும் மேலிருந்து கீழே என்று போட்டிருக்கும் தொகுப்புகள் இப்போது நிறைய. போடப் போட உடம்பில் வைத்து அளந்துகொள்ளலாம் என்பது உண்மைதான், ஆனால் எல்லா நூலுக்கும் அது ஒத்துவராது. இரண்டு முறையும் கலந்திருக்கும் தொகுப்புதான் பத்து வருடம் உழைக்கும்.

கார்டிகன் இருந்தால் பட்டன் பட்டியை ஒரு பார்வை பாருங்கள். ஓரத்தில் 4 வரிசைக்கு 3 கண்ணி எடுக்கச் சொன்னால் சரி. வரிசைக்கு ஒன்று எடுத்தால் பட்டி அலை அலையாகச் சுருளும், இரண்டுக்கு ஒன்று எடுத்தால் முன்பக்கம் மேலே இழுத்துக்கொள்ளும். குழந்தை அளவுகளில் பார்க்க வேண்டியது கழுத்து. இரண்டு வயதில் தலைச்சுற்று ஏறத்தாழ 48 செ.மீ. இருக்கும். தோளில் பட்டன் வைக்காத, இறுக்கி முடித்த கழுத்து அந்தத் தலையில் நுழையாது, குழந்தை ஊரைக் கூட்டிவிடும்.

புத்தகமா பிடிஎஃபா என்றால், புத்தகத்தில் ஸ்பைரல் பைண்டிங் இருந்தால் மடியில் விரித்தபடி நிற்கும். பிடிஎஃபில் திருத்தம் வந்தால் புதிய பிரதி கிடைக்கும். எதுவானாலும் உங்கள் அளவுக்கான எண்களை மட்டும் முதலிலேயே வட்டமிட்டு வையுங்கள்.

ஒவ்வொரு டிசைனுக்கும் கேஜ் பார்க்கப் போட்ட மாதிரித் துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். 34 கண்ணியில் 15 செ.மீ. சதுரம் போட்டு, துவைத்து, படுக்கப் போட்டு உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அளந்த பிறகு, துவைப்பதற்கு முன்னும் பின்னும் வந்த கேஜ், ஊசி மி.மீ., நூலின் பெயர், சாய எண் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி அதில் கட்டி, அந்தந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து முழங்கை கிழிந்து வந்தால் ஒட்டுப் போட நூலும் அதிலேயே இருக்கும்.