அம்மாவின் முதுகில் ஒட்டும் மருந்து: ரிவாஸ்டிக்மின் பட்ச், பத்து மாதத்துக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்ச் அம்மாவின் மறதியைக் குணமாக்கவில்லை. குணமாக்கும் என்று சொல்லி யாரும் விற்றால் நம்பாதீர்கள். ஆனாலும் பத்து மாதமாக ஒட்டிக்கொண்டு வருகிறோம், இனியும் ஒட்டுவோம்.

அம்மாவுக்கு 77 வயது. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறோம். முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். ஒரு தைப்பொங்கல் அன்று, பானையில் அரிசி போட்டதை மறந்து இரண்டாம் முறையும் போட்டார். சொந்தக்காரர் எல்லாரும் "அறளை பேந்திட்டுது, வயசுக்கு அப்பிடித்தான்" என்றார்கள். டொக்டர் அப்படி விடவில்லை. பி12 குறைந்தாலும் தைரொயிட் பிழைத்தாலும் மறதி வரும், அதைத் திருத்தலாம் என்று சொல்லி இரத்தம் எடுப்பித்தார், தலைக்கு சீ.ரி. ஸ்கானும் செய்வித்தார். அவற்றில் ஒரு பிழையும் இல்லை. அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, பதினொன்று பத்துக் காட்டும் மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார். அம்மா வட்டத்தை அழகாகக் கீறினார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா இலக்கங்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். பிறகு பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு மணிக்கூடு பார்க்கப் பழக்கிய கை அது. அந்தத் தாளை எறிய எனக்கு மனம் வரவில்லை, வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்ற மறதி நோய். அந்த நோயில், நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசெற்றைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் அழிந்துகொண்டு போகின்றன. ரிவாஸ்டிக்மின், அந்தப் பொருளை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. கலங்கள் அழிவதை அது நிறுத்தாது. "கிணறு ஊறுறது குறைஞ்சு போச்சு அம்மா, நாங்கள் வாளியில இருக்கிற ஓட்டையைத்தான் அடைக்கிறம்" என்றார் டொக்டர். எனக்கு அதிலேயே எல்லாம் விளங்கியது.

தொடக்கத்தில் தந்தது கப்சியூல், காலையும் இரவும் சாப்பாட்டோடு. அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமில்லை. புட்டு இரண்டு வாய் வைத்தவுடன் வயிற்றைப் பிரட்டும், எழும்பிக் கிணற்றடிக்குப் போய்ச் சத்தி எடுப்பார். பிறகு கோப்பையைக் கண்டாலே முகத்தைத் திருப்பத் தொடங்கினார். 49 கிலோ இருந்தவர் 44க்கு வந்தார். மறதிக்கு மருந்து கொடுத்து ஆளை மெலிய வைக்கிறோமே என்று குசினிக்குள் நின்று அழுதிருக்கிறேன்.

அதன் பிறகுதான் பட்ச். 2007இல் வெளியான ஐடியல் என்ற ஆய்வில் 1195 நோயாளிகளை 24 வாரம் பார்த்திருக்கிறார்கள். நாளைக்கு மொத்தம் 12 மில்லிகிராம் கப்சியூல் எடுத்தவர்களில் 17 வீதமானவர்களுக்குச் சத்தி, 9.5 மில்லிகிராம் பட்ச் ஒட்டியவர்களில் 6.2 வீதம்தான். பலன் இரண்டிலும் ஒரே அளவு. மருந்து தோல் வழியாக நாள் முழுக்க மெல்ல மெல்ல இறங்குவதால் இரத்தத்தில் சடாரென்று ஏறாது. நாளைக்கு ஒரு பட்ச்: முதலில் 4.6 மில்லிகிராம், நான்கு கிழமை தாங்கினால் 9.5. அம்மா தாங்கினார். ஒட்டத் தொடங்கி இரண்டாம் கிழமையே சத்தி நின்றது. இப்போது 47 கிலோ.

இனி, ஒட்டுகிற விஷயம். முதுகில் ஒட்டுவதுதான் நல்லது, அவர்களே உரித்து எறிய மாட்டார்கள். ஒரே இடத்தில் 14 நாளைக்குள் திரும்ப ஒட்டக்கூடாது, தோல் சிவந்து கடிக்கும். நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் முதுகைப் படமாகக் கீறி, 14 கட்டம் பிரித்து, ஒட்டும் கட்டத்தில் திகதி எழுதுகிறேன். தோல் காய்ந்திருக்க வேண்டும். எங்கள் வெயிலில் அதுதான் கஷ்டம், சித்திரை வைகாசியில் வேர்வைக்கு ஓரம் கிளம்பிவிடும். குளித்துத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே கொஞ்சநேரம் இருத்தி, ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கை அம்மா விடமாட்டார். நல்லெண்ணெய் ஊறிய தோலில் பட்ச் ஒட்டவே ஒட்டாது. அதனால் இப்போது தலைக்கு மட்டும் எண்ணெய், முதுகுக்கு இல்லை. இதைச் சொல்லிச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் எடுத்தது.

மிக முக்கியமானது இது, தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். புதியதை ஒட்டமுதல் பழையதை உரித்துவிட வேண்டும். நான் ஒரு கலியாணத்துக்குக் கொழும்பு போன நாள், மச்சாள் அம்மாவுடன் நின்றார். சட்டைக்குக் கீழே இடுப்புப் பக்கம் இருந்த பழைய பட்ச் அவர் கண்ணில் படவில்லை, தோள்பட்டைக்குக் கீழே இன்னொன்றை ஒட்டிவிட்டார். பின்னேரம் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, விடாமல் சத்தி, நாடித்துடிப்பு 48. இரண்டையும் உரித்து, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள், ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். மச்சாளில் பிழை இல்லை. நான் அவருக்குச் சொல்லவில்லை, எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. நான் வாங்கிய மருந்துக்கடையில் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த விளக்கத்தாளை எடுத்துவிட்டுப் பைக்கற்றுகளை மட்டும் எண்ணித் தந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தாளைக் கேட்டு வாங்குங்கள். உரித்த பட்சிலும் கிட்டத்தட்டப் பாதி மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எறியுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள்.

விலை கப்சியூலைவிட நன்றாகவே கூட. சில மாதம் இங்கே கிடைக்காமல் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் திரும்ப 4.6இலிருந்துதான் தொடங்க வேண்டும், ஆகவே இரண்டு கிழமைக்குரியதைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன். இருதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து என்பதால் ஈ.சீ.ஜி. பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, லெக்கனெமாப் ஊசி பற்றிக் கேட்கிறான். மூளையில் படியும் அமிலோயிட் என்ற புரதத்தையே அகற்றும் மருந்து அது, 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆய்வில் 18 மாதத்தில் சரிவை 27 வீதம் மெதுவாக்கியது. ஆனால் நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான், தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். தம்பிக்கு இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்தது.

பட்ச் எங்களுக்குத் தந்தது என்ன? இன்றைக்கு என்ன கிழமை என்று அம்மா இப்போதும் பத்துத் தரம் கேட்கிறார். பேரனின் பெயர் வருவதில்லை. ஆனால் கப்சியூல் காலத்தில் கட்டிலை விட்டு எழும்பாதவர், இப்போது காலையில் கூடையை எடுத்துக்கொண்டு செவ்வரத்தம்பூ ஆயப் போகிறார். ஆய்ந்துகொண்டே எண்ணுகிறார். நேற்று பதினேழு வரை பிழையில்லாமல் வந்து, திரும்பி, "சரியோ பிள்ளை?" என்று கேட்டார். சரி அம்மா என்றேன்.