ராணியின் செயற்கை இடுப்பு மூட்டு: சில வருட அனுபவம்

எங்கள் ராணி ஜெர்மன் ஷெப்பர்ட் நாய். சின்ன வயதிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு. மலேசியாவில் நாங்கள் இருக்கும் பகாவிலிருந்து கோலாலம்பூர்ப் பக்கம் கொண்டுபோய், இடது பக்கம் சிமென்ட் வைத்துப் பொருத்தும் மூட்டு மாற்று அறுவை செய்தோம். தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு, மேலே இடுப்பெலும்பில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணம். இவற்றுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள சிமென்ட் பசை மாதிரி ஒட்டுவதில்லை. எலும்பின் துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். மனிதர்களுக்கு 1960களில் சார்ன்லி என்ற மருத்துவர் பரவலாக்கிய முறைதான் இது.

முதல் சில வாரம் கூண்டு, கயிறு, வழுக்காத ரப்பர் பாய். அப்புறம் பல வருடம் சொர்க்கம். செம்பனைக் காட்டுப் பாதையில் என் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் ஓடுவாள். அந்த வருடங்களுக்காகவே இந்த அறுவையை யார் கேட்டாலும் செய்யச் சொல்வேன்.

போன வருடம் மெதுவாக மாறியது. நொண்டவில்லை, கத்தவில்லை. வீட்டு முன்புற நடையான அஞ்சடியில் படுத்து எழும்போது முன்னங்கால்களால் உடம்பை இழுத்தாள். நகம் வெட்டும்போதுதான் எனக்கு உறைத்தது: வலது பின்னங்கால் நகங்கள் தரையில் தேய்ந்து குட்டையாக இருந்தன, இடது நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன. இடது காலைச் சரியாக ஊன்றாமலே நடந்திருக்கிறாள். தொடையைப் பிடித்தால் அந்தப் பக்கம் சதை வற்றியிருந்தது. "வயசாயிடுச்சு அண்ணே, அதான்" என்றார்கள் லயத்தில், அதாவது எங்கள் தோட்டக் குடியிருப்பு வரிசையில். வயது இரண்டு காலுக்கும்தானே வரும்!

எக்ஸ்ரேயில் சிமென்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்புக் கோடு. வருடா வருடம் எடுத்துவைத்த படங்கள் கையில் இருந்ததால், கோடு அகலமாகிக்கொண்டே வந்தது தெளிவாகத் தெரிந்தது. கிண்ணம் தேய்ந்து உதிரும் நுண்துகள்களை உடம்பு தாக்கும். அந்தச் சண்டையில் பக்கத்து எலும்பும் கரைந்து பிடிமானம் தளரும். கிருமியாலும் தளரலாம் என்பதால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை.

புது மூட்டு வைக்கலாம், அல்லது எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். எடுத்துவிட்டால் தசையும் தழும்புத் திசுவும் சேர்ந்து உடம்பே ஒரு மாற்று மூட்டை உண்டாக்கிக்கொள்ளும். எலும்பு மெலிந்திருந்தது, ராணிக்கும் வயதாகிவிட்டது. சரி, எடுத்துவிடுங்கள் என்றோம். இப்போது கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறாள், வலி இல்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். தினமும் காலையில் கயிற்றில் கட்டி மெதுவாகக் கூட்டிப்போகிறேன்.