அம்பாசடரில் மிஸ்ஸிங்: டைமிங் லைட்டோடு சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ஓடுவது எண்பதுகளில் வந்த அம்பாசடர் மார்க் 4. பெட்ரோல் வண்டி, 1489 சிசி, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த பி சீரிஸ் இன்ஜின். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டைமிங் லைட்டை, பிளக்கில் பொறி விழும் நேரத்தை (டைமிங்) செட் பண்ண மட்டும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். மிஸ்ஸிங் (இன்ஜின் இடையிடையே விட்டு உதறுவது) எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சாமான் இல்லை என்பது சில வருடப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது.

எங்கள் வண்டிக்கு வந்த மிஸ்ஸிங் விசித்திரமானது. ஐடிலிங் சீராக இருக்கும். மருதமலை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மூச்சு வாங்காமல் ஏறும். சமதளத்தில் ஐம்பதில் லேசாகக் காலை வைத்துக்கொண்டு போகும்போதுதான் வெட்டி வெட்டி இழுக்கும். பட்டறையில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்ப்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஜெட் எல்லாம் ஊதிப் போட்டார்கள். "இனி பறக்கும் பாருங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் மறுபடி வெட்டியது. அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் குறைந்தாலும், பொறி விட்டுப்போனாலும் வண்டி உதறுவது ஒரே மாதிரிதான் இருக்கும்.

டைமிங் லைட்டின் வேலை எளிமையானது. பேட்டரியில் இரண்டு கிளிப், பிளக் வயரைச் சுற்றி ஒரு கிளாம்ப். அந்த வயரில் பொறி போகும்போதெல்லாம் லைட் மின்னும். அதே கிளாம்பை, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலில் இருந்து, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி (கேப்) நடுவுக்கு வரும் தடித்த வயரில் மாட்டினால் நாலு சிலிண்டருக்குமான பொறியும் தெரியும். இன்ஜின் 2000 ஆர்பிஎம் ஓடும்போது நிமிடத்துக்கு 4000 மின்னல். கண்ணுக்கு விடாத வெளிச்சம் போலவே இருக்கும். நடுவில் விட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும்.

லைட்டின் வயரை பானட்டின் பின் இடுக்கு வழியாக எடுத்து, முன் கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திறந்து உள்ளே கொண்டுவந்தேன். பொழுது சாயும் நேரம், தம்பி ஓட்டினான், நான் இடது சீட்டில் லைட்டைக் காலடிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். ஐம்பதைத் தொட்டதும் வண்டி வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் கூடவே லைட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. சரி, பெட்ரோல் பக்கம் பார்க்கவே வேண்டாம். காயில் வயரிலேயே பொறி இல்லை என்பதால் பிளக், பிளக் வயர், கேப்புக்குள் சுற்றும் ரோட்டர், கேப் எல்லாம் சந்தேகப் பட்டியலில் இருந்து விலகிவிட்டன. மிச்சம் இருப்பது காயில், அதற்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், அந்தப் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர், அவற்றுக்கு நடுவே ஓடும் சின்ன வயர்கள்.

அப்புறம் யோசித்தால் அந்த விசித்திரமே துப்பு கொடுத்தது. லேசாக மிதித்து ஓட்டும்போதுதான், பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே விழவைக்கும் வேக்கம் அட்வான்ஸ் வேலை செய்யும். கார்ப்புரேட்டரில் இருந்து வரும் குழாய் வழியே உறிஞ்சும் விசை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்புகிறது. முழுக்க மிதித்தால் அந்த விசை போய்விடும், தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வீட்டில் வண்டியை ஐடிலிங்கில் விட்டு, அந்தக் குழாயைக் கார்ப்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினேன். நல்ல இன்ஜின் என்றால் வேகம் கொஞ்சம் கூடும். இது குலுங்கி நின்றுவிட்டது.

கேப்பைத் திறந்தால், பக்கவாட்டு டெர்மினலில் இருந்து பாயிண்டுக்கு வரும் விரல் நீள வயர். மேல் உறையில் கீறல்கூட இல்லை. மல்டிமீட்டர் வைத்தால் தொடர்ச்சி காட்டியது. இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தபோது உறை மட்டும் ரப்பராக நீண்டது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனைகள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் இருந்திருக்கின்றன. தட்டு திரும்பும்போதெல்லாம் விலகியிருக்கின்றன. அதற்குப் பதிலாகச் சாதாரண வயரைப் போடக் கூடாது. தட்டு அசைய அசைய அது சீக்கிரமே முறிந்துவிடும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள, நன்றாக வளையும் வயர்தான் வேண்டும். போட்ட பிறகு பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தேன். ஐம்பதில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகும் லைட் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் காயில் வயரில் வெளிச்சம் சீராக இருந்தது, மூன்றாம் பிளக் வயரில் மட்டும் விட்டுவிட்டு வந்தது. கேப்பின் உட்புறம் மயிரிழை போல ஒரு கருங்கோடு. ஈரத்தில் பொறி அந்தக் கோட்டின் வழியே ஓடிப்போயிருக்கிறது. இன்னொரு தடவை வண்டி குளிர்ச்சியாக இருக்கும்வரை ஒன்றும் இல்லை, சூடேறியதும் காயில் வயரிலேயே வெளிச்சம் தடுமாறியது. பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது. கண்டன்சர் மாற்றியதும் தீர்ந்தது. வெளிச்சம் கடைசிவரை அசையாமல் இருக்க, வண்டி மட்டும் உதறிய நாளும் உண்டு. அன்றைக்கு நேராக பெட்ரோல் பம்பைக் கழற்றினேன், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) விறைத்துக் கிடந்தது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, அதனால் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிட்டேன்.

வாங்குகிறவர்கள் கிளாம்பில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிளக் பக்கம் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம், சைலன்சர் மேனிஃபோல்டு இடப்பக்கம் என்பதால் வயர் உருகும் பயம் குறைவு. ஃபேன் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். லைட் வெளிச்சத்தில் சுற்றுகிற ஃபேன் அப்படியே நிற்பதுபோலத் தெரியும். துண்டு, வேட்டியோடு பக்கத்தில் போகவே கூடாது, கையை நீட்டும் முன் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறவர்கள் உண்டு. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அது நல்லதுதான். எனக்கு, சாலையோரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் உப்புத்தாளும் வைத்துச் சரிசெய்ய முடிகிற பாயிண்டே போதும். டேஷ்போர்டு அறையில் ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டன்சர், இரண்டு முனையும் சால்டர் வைத்த அந்தச் சின்ன வயர் ஒன்று எப்போதும் இருக்கும்.