ஆளுக்கு ரெண்டுதான்: கொரோனா நேரத்து சூப்பர்மார்க்கெட் லிமிட் பத்தி என்னோட ரிவ்யூ

நாங்க ரெகுலரா சாமான் வாங்குற சூப்பர்மார்க்கெட் கொரோனா சமயத்துல எப்படி நடந்துகிச்சுன்னு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். கடை பேர் போடல, ஏன்னா இது அந்த ஒரு கடையோட கதை மட்டும் இல்ல, உலகம் பூரா கிட்டத்தட்ட இதேதான் நடந்துச்சு. 5-க்கு 3 ஸ்டார் குடுக்குறேன். லிமிட் போட்டதுக்கு முழு மார்க், ஆனா அதை லேட்டா போட்டதுக்கும் யோசிக்காம போட்டதுக்கும் ரெண்டை கழிச்சுட்டேன்.

2020 மார்ச் 11 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் இதை பெருந்தொற்றுன்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியே பல ஊர்ல ஷெல்ஃப் காலியாக ஆரம்பிச்சிருச்சு. ஹாங்காங்ல பிப்ரவரி மாசமே கத்திய காட்டி 600 டாய்லெட் ரோலை கொள்ளையடிச்சுட்டு போனாங்க, அந்த அளவுக்கு பயம். இதுக்கெல்லாம் காரணம் பேராசை பிடிச்ச ஜனங்கதான்னு எல்லாரும் திட்டுனாங்க, எனக்கு அது முழுசா சரின்னு படல. டிராலி நெறய அள்ளிட்டு போய் வித்து காசு பாத்தவங்களும் இருந்தாங்க, அவங்கள நான் மன்னிக்க மாட்டேன், ஆனா பெரும்பாலானவங்க வழக்கமா ஒண்ணு வாங்குற இடத்துல ரெண்டு வாங்குனாங்க, அவ்ளோதான். சூப்பர்மார்க்கெட்காரங்க குடோன்ல மாசக்கணக்குக்கு சரக்கு வச்சிருக்க மாட்டாங்க, என்ன விக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி தெனமும் லாரில வந்து இறங்கும், அப்படித்தான் செலவை கம்மியா வச்சிருக்காங்க. அதனால எல்லா வீட்டுலயும் ஒரே வாரத்துல ஒரு பாக்கெட் கூட எடுத்தா போதும், ஷெல்ஃப் தொடச்சு வச்ச மாதிரி ஆயிடும்.

டாய்லெட் பேப்பர் தான் மொதல்ல காணாம போச்சு, அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அது சைஸ்ல பெருசு, வெலைல கம்மி, அதனால எந்த கடையும் நெறய ஸ்டாக் வைக்காது. நாலு பேர் எடுத்தாலே அந்த ஷெல்ஃப்ல பெரிய ஓட்டை தெரியும், அதை பாத்த அடுத்த ஆளுக்கு பக்குன்னு ஆகும். இன்னொண்ணு, ஆபீஸ் ஸ்கூல் எல்லாம் மூடுன உடனே அங்க ஆகுற செலவு வீட்டுக்கு வந்திருச்சு, ஆனா ஆபீஸுக்கு போற ரோலும் வீட்டுக்கு போற ரோலும் வேற சைஸ், வேற பேக்கிங், சட்டுனு மாத்தி அனுப்ப முடியாது. மாவுக்கும் இதே கதைதான். பிரிட்டன்ல அரைக்கிற மாவுல 4% மாதிரிதான் கடையில சின்ன பாக்கெட்டா விக்குது, மிச்சமெல்லாம் பேக்கரிக்கும் ஃபேக்டரிக்கும் மூட்டையாவும் டேங்கர்லயும் போறது. மில்லுல மாவு இருந்துச்சு, சின்ன பாக்கெட் போடுற மிஷின்தான் பத்தல. எங்க கடையில இதை ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டியிருந்தா பாதி பேர் நிம்மதியா வீட்டுக்கு போயிருப்பாங்க, ஒருத்தரும் எதுவும் சொல்லல, "ஸ்டாக் இல்லை"ன்னு மட்டும் போர்டு.

லிமிட் எப்ப போடுறாங்கங்கிறது ரொம்ப முக்கியம். ஆஸ்திரேலியாவுல வுல்வர்த்ஸ்ங்கிற சூப்பர்மார்க்கெட்காரங்க மார்ச் 4-ம் தேதியே டாய்லெட் பேப்பருக்கு ஆளுக்கு 4 பேக்னு போட்டாங்க, அப்புறம் அதையும் கொறச்சாங்க. பிரிட்டன்ல செயின்ஸ்பரீஸ்ங்கிற சூப்பர்மார்க்கெட்காரங்க மார்ச் 18 அன்னிக்கு எந்த மளிகை சாமானா இருந்தாலும் ஒருத்தருக்கு 3, டாய்லெட் பேப்பர் சோப்பு மாதிரி ஐட்டத்துக்கு 2-ன்னு சொன்னாங்க. எங்க கடையில எல்லாம் காலியானதுக்கு அப்புறம்தான் போர்டு வந்துச்சு. அதுலயும் "ஆளுக்கு 2 மட்டுமே"ன்னு பெருசா செவப்பு எழுத்துல, அதை பாத்ததும் ஒண்ணு எடுக்க வந்தவங்களும் ரெண்டா எடுத்தாங்க, நான் நின்ன எடத்துலேர்ந்தே கண்ணால பாத்தேன். பக்கத்துலயே "நாளைக்கு காலையில மறுபடி சரக்கு வரும்"னு ஒரு வரி சேர்த்திருந்தா அந்த கை ரெண்டாவது பாக்கெட்டுக்கு போயிருக்காதுன்னு உறுதியா நம்புறேன். எவ்ளோ தரோம்னு சொல்றதவிட அடுத்து எப்ப வரும்னு சொல்றதுதான் பயத்தை கொறைக்கும்.

எனக்கு உண்மையிலேயே கோவம் வந்தது வேற விஷயத்துல. அவங்க பில்லை எண்ணுனாங்க, வீட்டுல எத்தனை வாய் இருக்குன்னு எண்ணல. தனியா இருக்கிறவருக்கும் 2, ஏழு பேர் இருக்கிற குடும்பத்துக்கும் 2. குடும்பத்தோட வந்தவங்க ஆளாளுக்கு ஒரு பில் போட்டு எட்டு பாக்கெட் கொண்டு போனாங்க, காலையில வாங்கினவர் சாயங்காலம் வந்தாலும் யாருக்கும் தெரியாது. எங்க பக்கத்து வீட்டுல வயசானவங்க ரெண்டு பேர், வெளிய வரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அவங்களுக்கும் சேர்த்து நான்தான் வாங்கிட்டு போவேன். கவுண்ட்டர்ல "இல்லங்க, ஒரு பில்லுக்கு ரெண்டுதான், சிஸ்டமே எடுக்காது"ன்னு அந்த பொண்ணு சொல்லிடுச்சு. அது மேல தப்பு இல்ல. ரூல் போட்டவங்க மேலதான் தப்பு, வெளிய வராதீங்கன்னு ஒரு பக்கம் சொல்லிட்டு, அடுத்தவங்களுக்கு வாங்கிட்டு போறவங்கள இன்னொரு பக்கம் தடுத்தா அந்த வயசானவங்க என்ன பண்ணுவாங்க? பிரிட்டன்ல 1940 ஜனவரில யுத்த காலத்து ரேஷன் ஆரம்பிச்சப்ப ஒவ்வொரு தலைக்கும் ஒரு புக், கொழந்தைக்கும் தனி புக், 1954 வரைக்கும் அப்படியே ஓடுச்சு. சூப்பர்மார்க்கெட்ல புக் போட சொல்லல, அது அவங்களால முடியாதுன்னு தெரியும், ஆனா மெம்பர் கார்டுல நாங்க வாங்குற ஒவ்வொண்ணையும் வருஷக்கணக்கா பதிவு பண்ணி வச்சிருக்காங்களே, ஆஃபர் அனுப்ப உதவுற அந்த கணக்கு இதுக்கு மட்டும் உதவாதா?

நல்லதையும் சொல்லணும். வயசானவங்களுக்கும் உடல் முடியாதவங்களுக்கும் காலையில தனி நேரம் ஒதுக்கினது அருமையான விஷயம். ஆஸ்திரேலியாவுல மார்ச் 17-லேர்ந்து காலையில 7-லேர்ந்து 8 வரைக்கும் அவங்களுக்குன்னு தொறந்தாங்க, அப்புறம் பல நாட்டுல அதையே பண்ணாங்க. எங்க கடையும் பண்ணுச்சு, ஆனா ராத்திரி சரக்கு அடுக்கி முடிக்காமலே கதவை தொறந்துட்டாங்க, பாவம் அந்த பெரியவங்க குளிர்ல வரிசைல நின்னு உள்ள போனா பாதி ஷெல்ஃப் காலி. அடுத்த வாரம் அதை சரி பண்ணிட்டாங்க, அதுக்கு பாராட்டு. பிரிட்டன்ல ஐசியூ டியூட்டி முடிச்சுட்டு வந்த ஒரு நர்ஸ், கடையில எதுவும் கெடைக்கலன்னு கார்ல உக்காந்து அழுத வீடியோவ நெறய பேர் பாத்திருப்பீங்க, ஆஸ்பத்திரி ஸ்டாஃபுக்கு தனி நேரம் எவ்ளோ அவசியம்னு அதை பாத்தாலே புரியும். எங்க கடையில ஐடி கார்டு காட்டினா வரிசைல நிக்காம உள்ள விட்டாங்க, யாரும் முணுமுணுக்கல.

அப்புறம் சின்ன பாக்கெட் விஷயம். வாரக்கூலி வாங்குறவங்க மொத்தமா வாங்கி வைக்க முடியாது, அன்னன்னிக்கு உள்ளதுதான். மலிவான சின்ன பாக்கெட்தான் மொதல்ல தீர்ந்துச்சு, மிச்சம் இருந்தது வெல கூடின பெரிய பாக்கெட். லிமிட்ட பாக்கெட் கணக்குல போட்டதால பெரிய பாக்கெட் ரெண்டு எடுத்தவருக்கு சின்ன பாக்கெட் ரெண்டு எடுத்தவரவிட பல மடங்கு சரக்கு போகுது. எடை கணக்குல போட்டிருக்கணும்.

கவுண்ட்டர்ல இருந்த பசங்களுக்கு மட்டும் தனியா 5 ஸ்டார். மாஸ்க் போட்டுட்டு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் திட்டு வாங்கிட்டு, ஒரு தடவை கூட எரிஞ்சு விழுந்து நான் பாத்ததில்ல. ரெண்டாவது பாக்கெட்ட திருப்பி வைக்க சொன்னதுக்கு ஒருத்தர் கத்துன கத்து இருக்கே, அந்த பையன் கை நடுங்குச்சு. அந்த நேரத்துல ஒரு மேனேஜர் பக்கத்துல நின்னிருக்கணும். கஸ்டமர்கிட்ட முடியாதுன்னு சொல்ற வேலைய கம்மி சம்பளக்காரங்க தலைல மட்டும் கட்டுனது எனக்கு கடைசி வரைக்கும் பிடிக்கல.

ஆன்லைன் டெலிவரிய பத்தி கொஞ்சம்தான் சொல்றேன். ஸ்லாட், அதாவது டெலிவரி நேரத்துக்கான புக்கிங், நடுராத்திரி தொறக்கும், கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். முழிச்சிருந்து ஃபோன்ல வேகமா அமுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் கெடைச்சுச்சு, வெளிய வர முடியாதவங்களுக்கு இல்ல. எங்க பக்கத்து வீட்டு பெரியவங்களுக்கு ஸ்மார்ட்ஃபோனே கெடையாது. இனிமே இப்படி ஒரு நெலம வந்தா அவங்க மாதிரி ஆளுங்களுக்குன்னு கொஞ்சம் ஸ்லாட்ட ஒதுக்கி, ஃபோன்ல கூப்பிட்டு ஆர்டர் எடுங்க, அவங்களுக்காக வாங்க வர்றவங்க பில்லுக்கு லிமிட்ட தளர்த்துங்க. இந்த ரெண்டும் பண்ணா ஸ்டார கூட்டி போடுறேன்.