நோயாளிக்காக வாங்கிய பிரார்த்தனை: ஒரு செயலியின் ஆரோக்கிய ஹோமம் பற்றி

கடந்த ஆடி மாதத்தில் என் தந்தைக்குச் சென்னையில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு மூன்று நாள் முன்னதாக, கோயில் பூஜைகளை இணையவழியில் பதிவுசெய்து தரும் ஒரு கைப்பேசிச் செயலியில், அவர் பெயரில் மிருத்யுஞ்சய ஹோமத்துக்கு 2,116 ரூபாய் கட்டினேன். செயலியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே சேவையை ஏறக்குறைய இதே முறையில் தருபவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் வாசகருக்குப் பயன்படும்.

பதிவுசெய்வதில் எந்தச் சிரமமும் இல்லை. நோயாளியின் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். கோத்திரம் தெரியாதவர்கள் சிவ கோத்திரம் என்று குறிப்பிட்டுக்கொள்ளலாம். அடுத்த கட்டத்தில் இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று ஒரு பட்டியல் விரிகிறது. அந்த இடத்தில் மட்டும் மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டை நிரப்புவது போன்ற உணர்வு ஏற்பட்டது. தனிச் சங்கல்பத்துக்குக் கட்டணம் அதிகம் என்பதால் குழுச் சங்கல்பத்தையே தேர்ந்தெடுத்தேன். சொன்ன நாளில் ஹோமம் நடந்தது, காணொளியும் அன்று மாலையே வந்துசேர்ந்தது. கலச ஸ்தாபனம் முதல் பூர்ணாகுதி வரை எதையும் வெட்டாமல் 41 நிமிடங்கள் முழுதாகப் பதிவு செய்திருந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சங்கல்பத்தின்போது புரோகிதர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர்களை ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனதில், விசாக நட்சத்திரக்காரரான என் தந்தை அனுஷ நட்சத்திரக்காரராகிவிட்டார்.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் பேசிய இளைஞர் சிறிதும் தயங்காமல், “பகவானுக்கு யாருன்னு தெரியும் சார்” என்றார். அப்படியானால் படிவத்தில் நட்சத்திரத்தைக் கட்டாயமாக்கியிருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றியது. அவருடைய பணிவான குரலைக் கேட்டபின் கேட்கவில்லை.

என்னை உறுத்தியது இந்தப் பிழையன்று, செயலியின் விளம்பரப் பக்கத்தில் இருந்த ஒரு வரி. பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனை இதய நோயாளிகளைக் குணப்படுத்துவதாக அமெரிக்க மருத்துவர்கள் அறிவியல்பூர்வமாக நிரூபித்துவிட்டார்கள் என்று அதில் போட்டிருந்தார்கள். அறுவை அரங்குக்கு வெளியே ஆறு மணி நேரம் காத்திருந்தபோது அந்த நிரூபணத்தைத் தேடிப் படித்தேன். அவர்கள் சொல்வது ராண்டால்ஃப் பேர்ட் என்ற மருத்துவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வை. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 393 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்காக மட்டும் வெளியாட்களைக் கொண்டு ஜெபிக்கச் செய்திருக்கிறார். ஜெபம் பெற்றவர்கள் சில கூறுகளில் மேலாக இருந்தது உண்மை. ஆனால் அளந்து பார்த்த கூறுகள் ஏராளம், அவற்றில் வேறுபாடு தெரிந்தவை ஆறுதான். மருத்துவமனையில் தங்கிய நாட்களிலோ இறந்தவர்களின் எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இருபது முப்பது சீட்டு எடுத்தவனுக்கு ஒன்றிரண்டு பரிசு விழுவது அதிசயமில்லை என்பது சீட்டுக் குலுக்கல் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

விளம்பரத்தில் இடம்பெறாத ஆய்வு, ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. நான் வாங்கிய சேவைக்கு அதைவிட நெருக்கமான சோதனை இருக்க முடியாது. ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களைக் கண்ணாலும் கண்டிராத மூன்று கிறித்தவக் குழுக்களுக்கு, நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும் தரப்பட்டன. சிகிச்சைக்கு முந்தின இரவு தொடங்கி 14 நாட்கள், வரையறுத்துக் கொடுத்த ஒரு வாசகத்தைச் சேர்த்து அவர்கள் ஜெபித்தார்கள். கோத்திரமும் நட்சத்திரமும் இல்லை என்பதைத் தவிர, முன்பின் தெரியாதவர் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு செய்யும் பிரார்த்தனை என்ற அளவில் இரண்டும் ஒன்றே. தனக்காக ஜெபிக்கிறார்களா என்று தெரியாதிருந்தவர்களில், ஜெபம் பெற்றோருக்கு 52 விழுக்காடும் பெறாதோருக்கு 51 விழுக்காடும் சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள் வந்தன. தமக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்திருந்தவர்களுக்கோ அது 59 விழுக்காடாக இருந்தது. இந்தக் கடைசி எண் தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், ஜெபக் குழுவையே அழைக்கும் அளவுக்கா என் நிலை மோசம் என்று நோயாளிகள் எண்ணிக் கலங்கியிருக்கலாம் என ஆய்வில் பங்குகொண்ட மருத்துவர் ஒருவர் கருத்துத் தெரிவித்திருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு முந்தின இரவு நினைவுக்கு வந்தது. படிவத்தில் நோயாளியின் கைப்பேசி எண் என்ற கட்டத்தில் நான் தந்தையின் எண்ணையே கொடுத்திருந்தேன். இரவு ஒன்பது மணியளவில், மார்பு மழிக்கப்பட்டு, காலையில் அரங்குக்குப் போகக் காத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்கு, “தங்கள் அபமிருத்யு தோஷம் நீங்க ஹோமம் இனிதே நிறைவுற்றது” என்று குறுஞ்செய்தி வந்தது. அபமிருத்யு என்றால் அகால மரணம். மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தவர், கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “டாக்டர் உங்கிட்ட தனியா ஏதாவது சொன்னாராடா?” என்றார். ஒன்றும் இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்றிரவு இருவருமே தூங்கவில்லை.

பிரார்த்தனையே வீண் என்று நான் எழுதுவதாக யாரும் கொள்ள வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 10 ஆய்வுகளையும் 7,646 நோயாளிகளையும் பரிசீலித்துத் தெளிவான பலன் தென்படவில்லை என்று சொன்னபோதும், அதில் எடைபோட்டது முன்பின் அறியாதோர் செய்த பிரார்த்தனையின் கூடுதல் பலனைத்தான். அந்த நோயாளிகளுக்காக வீட்டார் வேண்டிக்கொண்டதை எந்த ஆய்வாளராலும் தடுத்திருக்க முடியாது. என் அத்தை வைத்தீஸ்வரன்கோவிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு, அங்கே மருந்தாகத் தரும் பிரசாதமான திருச்சாந்துருண்டையை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தார். வந்த கையோடு மூன்று நாள் மருத்துவமனையிலேயே தங்கி அம்மாவைத் தூங்க அனுப்பினார். அதை எந்தச் செயலியும் விற்கவில்லை.

ஹோமத்தை ஒழுங்காக நடத்தியதற்கும் காணொளிக்கும் சேர்த்து ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் கொடுக்கிறேன். விளம்பரத்திலுள்ள அந்த வரியை நீக்கினால் மூன்று கொடுப்பேன். பதிவுசெய்ய விரும்புவோர் கைப்பேசி எண் கட்டத்தில் தம்முடைய எண்ணையே கொடுப்பது நல்லது.

பிரசாதம் பதினோராம் நாள் கூரியரில் வந்தது. அப்போது தந்தை வீடு திரும்பி நடைப்பயிற்சி தொடங்கியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டவர், உறையின் மேலிருந்த பெயர்ச்சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “அனுஷம்னு போட்டிருக்கானே, இது யாருக்கு வந்ததுடா?” என்று கேட்டார்.