தடைக்காலத்தில் போட்டு பேட்டரியைக் கடையில் விடுகிறவர்கள் கவனத்துக்கு: 34,000 ரூபாய் போய்விட்டது

இன்று காலை அந்தக் கடைக்காரர் என் நம்பரை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். ஆறு நாளாகப் பொறுமையாகப் பேசிப் பார்த்தேன். இனிமேல் பேசி ஒன்றும் ஆகாது, எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் பேட்டரி, இன்வெர்ட்டர், டைனமோ ரிப்பேர் எல்லாம் ஒன்றாக நடத்துகிற கடை. அதுமாதிரி கடை எல்லா ஊர்க் கரையிலும் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும்.

எங்களுடையது விசைப்படகு. இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டர், வயர்லெஸ், லைட் எல்லாமும் அதிலிருந்துதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் பேட்டரி சும்மா கிடந்தால் அது தானாகவே இறங்கும். வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும், அதுவும் கத்திரி வெயில் என்றால் கேட்கவே வேண்டாம். இறங்கின பேட்டரியை அப்படியே விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. இது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, டிஸ்டில்ட் வாட்டர் பார்த்து ஊற்றி, பதினைந்து நாளைக்கு ஒருதடவை சார்ஜில் போடுவார். எங்கள் பேட்டரி மூன்று வருஷத்தை நெருங்கியும் நன்றாக இழுத்தது அதனால்தான்.

இந்த வருஷம் அப்பாவுக்கு முதுகுவலி. ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்கு மேல், தூக்க முடியாது. நானோ போட்டைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிற வேலையிலும் பெயிண்ட் வேலையிலும் இருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கடைக்காரர் வண்டியோடு வந்தார்.

"சித்தப்பா, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க? நம்ம கடையிலேயே இருக்கட்டும். வாரத்துக்கு ஒருதடவை சார்ஜ் போட்டு வச்சிடுறேன். ஜூன்ல நானே கொண்டாந்து மாட்டித் தர்றேன்."

அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் கேட்டார், அதையும் கொஞ்சம் தயங்கிக்கொண்டேதான் வாங்கினார். அம்மா டீ போட்டுக் கொடுத்தார்கள். ரசீது கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதரிடம் சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அந்த ஒரு நிமிஷம்தான். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் ஒருதடவை கடைப் பக்கம் போனபோது பார்த்தேன். எங்கள் பேட்டரி இரண்டும் சாக்குக்கு அடியில் கிடந்தன. "நேத்துதான் சார்ஜ் போட்டோம்ணே" என்றான் கடைப் பையன். டெர்மினல் மேலே விரல் வைத்தால் தடம் விழுகிற அளவுக்குத் தூசி. நேற்று கிளிப் மாட்டிய டெர்மினலில் அவ்வளவு தூசி எப்படி இருக்கும்? பார்த்தேன், மனசில் பட்டது, கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 12 அன்று போன் வந்தது. "தம்பி, ரெண்டும் சல்பேட் ஆயிடுச்சு. வயசாச்சுல்ல. இத நம்பிக் கடலுக்குப் போகாதீங்க." தொழிலுக்குப் போக இரண்டே நாள். ஐஸுக்கும் டீசலுக்கும் சொல்லியாகிவிட்டது. வேறு கடையில் போய் விசாரிக்க நேரமில்லை, அது அவருக்கும் தெரியும். புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது, பழையதைக் கழித்துக்கொண்டு இரண்டும் சேர்த்து 34,000 என்றார். தடைக்கால நிவாரணமே 8,000 ரூபாய்தான். 34,000 ரூபாய்க்குச் சங்கத்தில் கொஞ்சம் வாங்கி, மீதிக்கு அக்காவின் வளையலை வைத்துக் கொடுத்தோம்.

அவரே வந்து மாட்டினார். மீட்டரை வைத்துக் காட்டினார், ஒவ்வொன்றும் 12.8 வோல்ட். "பாத்துக்குங்க சித்தப்பா" என்றார். நாங்களும் பார்த்தோம். சார்ஜில் இருந்து அப்போதுதான் எடுத்த பேட்டரி செத்துக்கொண்டிருந்தாலும் கொஞ்ச நேரம் அந்த அளவைக் காட்டும் என்று எனக்கு அன்று தெரியாது. சுமை கொடுத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு. வாரண்டி அட்டையில் சீரியல் நம்பரைப் பேனாவால் எழுதியிருந்தார். பக்கா பில் கேட்டதற்கு "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தானே கூடுதல்?" என்றார்.

ஜூன் 15 விடியும் முன்னே கிளம்பினோம். ஜெட்டியிலேயே இரண்டாவது தடவைதான் இன்ஜின் பிடித்தது. "புது பேட்டரிக்கு இழுவை கம்மியா இருக்கே தம்பி" என்றார் டிரைவர். அவசரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை டைனமோ கொடுக்கிற கரண்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். வலையின் மடியை இழுத்து ஏற்றும்போது வலை போட்டின் அடியில் இருக்கிற விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்தினோம். மச்சான் கத்தியோடு தண்ணியில் இறங்கி வலையை அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் மேலே ஏறியதும் டிரைவர் சாவியைத் திருப்பினார். டிக். ஒரே ஒரு சத்தம். ஜிபிஎஸ் திரை அணைந்து திரும்ப வந்தது. மறுபடியும் டிக். மூன்றாவது தடவை அந்த டிக்கும் இல்லை.

கச்சான் காற்று. கரையை விட்டு வெளியே தள்ளுகிற காற்று. வயர்லெஸ் மைக்கை அமுக்கினால் லைட் மங்குகிறது, பேச்சு பாதியில் அறுகிறது. எட்டுப் பேர் இருந்தோம். இன்ஜின் இல்லாத போட்டு எல்லைக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் யாரிடமும் பேசவில்லை. மூன்று மணி நேரம் கழித்து எங்கள் ஊர்ப் போட்டு ஒன்று பார்த்துவிட்டுக் கயிறு போட்டது. தொழிலை விட்டுவிட்டுக் கட்டி இழுத்து வந்தார்கள், அவர்களுக்கு டீசலாவது கொடுக்க வேண்டாமா? கொடுத்தோம். ஐஸ் கரைந்து, பிடித்த கொஞ்சமும் விலை போகவில்லை. தடை முடிந்து முதல் நாள், எல்லாப் போட்டும் நிறைய மீனோடு வரும் நாள், நாங்கள் கயிற்றில் வந்தோம்.

மறுநாள் வேறு ஊரில் இருந்து தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். சுமை கொடுத்துப் பார்க்கிற லோடு டெஸ்டர் வைத்தார். ஒரு பேட்டரி பரவாயில்லை. இன்னொன்று பத்து நொடிக்குள் 8 வோல்ட்டுக்கு விழுந்தது. ஆசிட்டின் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் பேட்டரியின் ஐந்து அறையில் (செல்லில்) ஓரளவு இருக்கிறது, ஓரத்து அறை ஒன்றில் 1.120. நன்றாக ஏறிய பேட்டரியில் 1.250க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு அறை போனால் பேட்டரி போச்சு, தொடரில் இருக்கிற மற்றதையும் அது கீழே இழுத்துவிடும். டெர்மினல் ஈயத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அரம் போட்டுத் தேய்த்திருந்தது, அடியில் பழைய கிளாம்பின் வெட்டு இன்னும் தெரிந்தது. ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். கீழே இன்னொரு ஸ்டிக்கரின் பசை.

பிறகு நான் பார்த்தது எலக்ட்ரீஷியனும் பார்க்காதது. பின்பக்கம் கீழ் மூலையில், புதுக் கறுப்புப் பெயிண்டுக்கு அடியில், ஒரு சின்னக் குழி. மிளகு அளவுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்கள் போட்டில் வெல்டிங் நடந்தபோது பொறி விழுந்து எங்கள் பேட்டரியின் ஓரம் உருகியது. அதே பக்கம், அதே மூலை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் பேட்டரியைத் திருப்பிக் காட்டினேன். அவர் அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

எங்களுடைய பேட்டரியை எங்களிடமே விற்றிருக்கிறார். 34,000 ரூபாய்க்கு.

கடைக்குப் போனேன். முதல் நாள், "கடல் ஈரம் பட்டிருக்கும், டெர்மினல்ல வாஸ்லின் தடவுனீங்களா?" இரண்டாம் நாள், கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டுமாம். மூன்றாம் நாள் கம்பெனி ஆள் வரவில்லை, கடைக்காரரும் இல்லை, பையன் மட்டும். நான்காம் நாள் உருகின இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "அச்சுல வர்றது தம்பி, எல்லா பேட்டரிலயும் இருக்கும்" என்று பதில். போட்டில் வைத்தால் வாரண்டியே கிடையாது என்றார் ஐந்தாம் நாள். மாட்டியதே அவர்தானே! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். "நீங்க வியாபாரத்துக்கு வாங்குனது, அங்க செல்லாது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் விசாரித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகச் செய்து பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை வியாபாரம் என்று தள்ள முடியாது என்றே இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிந்துவிட்டேன். ஆனால் கையில் இருப்பது துண்டுச் சீட்டு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இனி கொடுக்கப் போகிறவர்களுக்கு, அவசரமாகச் சில விஷயம். பேட்டரியை வெளியே விடாதீர்கள், வீட்டில் வைத்துப் பதினைந்து நாளைக்கு ஒருதடவை சார்ஜ் போடுங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். விட்டே ஆகவேண்டும் என்றால் சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள், வெளியே தெரியாத இடத்தில் ஆணியால் ஒரு குறி கீறிவையுங்கள். வெறும் மீட்டரை நம்பாதீர்கள், லோடு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள், அதுவும் சார்ஜில் இருந்து எடுத்து ஒரு ராத்திரி கழித்து. பக்கா பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், யார் சித்தப்பா என்று கூப்பிட்டாலும். பேட்டரி வாங்க ஜூன் 12 வரை காத்திருக்காதீர்கள். கடலில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படைக்கு 1554, போன் சிக்னல் இருக்கும்போதே அடித்துவிடுங்கள்.

அந்தப் பேட்டரியைக் கழிவுக்குப் போடச் சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். போட மாட்டேன். பெயிண்டைச் சுரண்டி, குழி தெரிகிற மாதிரி திண்ணையில் வைத்திருக்கிறேன். யாருக்காவது பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வாருங்கள்.