சோயா, பருத்தி, சூரியகாந்தி, செக்கு: ஜிஎம் பயத்தோடு எண்ணெய் வாங்கப் போனால்

மரபணு மாற்ற (ஜிஎம்) உணவு உடம்புக்கு ஆகவே ஆகாது என்று அடித்துப் பேசுகிறவர் வீட்டிலும் அது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கத்தரிக்காயாக அல்ல, எண்ணெயாக. புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பிடி கத்தரிக்காயை அனுமதிக்கலாமா என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் கருத்துக் கேட்டார். கடைசிக் கூட்டம் இங்கே பெங்களூரில், 2010 பிப்ரவரி 6 அன்று. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டோம். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2007இல், ஜிஎம் சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயைச் சுத்திகரித்து விற்க மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி கொடுத்துவிட்டது. அதை எதிர்த்து ஊர்வலம் எதுவும் போன மாதிரி எனக்கு நினைவில்லை.

அல்சூரிலோ பானஸ்வாடியிலோ ஒரு மளிகைக் கடைத் தட்டைப் பார்த்தால் சோயா, சூரியகாந்தி, பாமாயில், கடலை எண்ணெய் எல்லாம் வரிசையாக நிற்கும். பருத்தி எண்ணெய் அநேகமாக நிற்காது, ஆனால் நாம் அதைத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். 'ஜிஎம் இல்லாத எண்ணெய் எது' என்ற ஒரே கேள்வியோடு போகிறவருக்கு இந்தத் தட்டு என்ன சொல்லும்?

முதலில் சோயா. நாம் சோயா எண்ணெய் இறக்குமதி செய்யும் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் ஜிஎம். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தாலும் செடி சாகாமல் இருக்க, மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவை அதில் சேர்த்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் விளைவது சாதாரண சோயா. நம் கைக்கு வரும் பாக்கெட்டில் எது இருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

பயப்பட வேண்டுமா? ஜிஎம் உணவில் நியாயமாகப் பயப்பட வேண்டியது புதிதாக வந்து சேரும் புரதத்துக்குத்தான். பயம் வெறும் கற்பனையும் அல்ல. பிரேசில் நட் மரபணுவைச் சோயாவில் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று சோதனையிலேயே தெரிந்துவிட்டது. ஆய்வுக்கட்டுரை 1996இல் வந்தது, சரக்கு கடைக்கு வரவேயில்லை. 2000இல் அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் சோளம் மனிதர்கள் சாப்பிடும் டாக்கோ என்ற மெக்சிகோ பண்டத்தில் அகப்பட்டுப் பெரிய களேபரம் ஆனது. அதனால் ஒவ்வாமை வந்ததாகப் புகார் சொன்னவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள், அந்தப் புரதம்தான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எண்ணெய்க்கு வந்தால் கதை வேறு. ரீஃபைனிங் என்பது பசை நீக்கி, காரம் சேர்த்து, களிமண்ணில் வடித்து, 200 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சி வாடையை எடுக்கும் வேலை. இத்தனையும் தாண்டி வருவது கொழுப்பு மட்டும்தான். டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் நுணுக்கமான பிசிஆர் சோதனை வைத்தால் டிஎன்ஏ எச்சம் கொஞ்சம் சிக்கும், புரதம் சொல்லும்படி இருக்காது. கிளைஃபோசேட்டும் தண்ணீரோடு போகிற சரக்கு, எண்ணெயில் ஒட்டாது. ஆகவே ஜிஎம் சோயாவின் ரீஃபைண்ட் எண்ணெயும் சாதாரணச் சோயாவின் ரீஃபைண்ட் எண்ணெயும் வாணலியில் ஒன்றேதான்.

ஜிஎம் தின்ற எலிக்குக் கட்டி வந்த படத்தை இன்னும் ஃபார்வர்டு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 2012இல் பிரான்சின் செராலினி குழு வெளியிட்டது. எலிகள் தின்றது ஜிஎம் மக்காச்சோளம், எண்ணெய் அல்ல. குழுவுக்குப் பத்து எலிதான், அதுவும் வயதானால் தானாகவே கட்டி வரும் ரகம். அடுத்த வருஷமே அதை வெளியிட்ட இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014இல் வேறொரு இதழில் மறுபடி வந்தது. மறுபக்கம், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் 900க்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசி, சாதாரண உணவைவிட ஜிஎம் உணவில் ஆபத்து அதிகம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றன. நுட்பமான, நீண்ட கால விளைவுகளைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றும் அதே அறிக்கை ஒத்துக்கொள்கிறது. இரண்டு தரப்பும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம்.

பருத்திதான் எனக்கு இதில் ரொம்ப சுவாரசியமான ஆள். 2002இல் அனுமதி, இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பிடி. இந்தியாவில் அனுமதியோடு வணிகரீதியாக விளையும் ஒரே ஜிஎம் பயிர். விதையை ஆட்டி எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, குஜராத்தில் ஃபர்சான் என்ற நொறுக்குத் தீனியைப் பொரிக்கிறார்கள். அந்த பாக்கெட் பெங்களூர் பேக்கரி வரைக்கும் வருகிறது. பின்பக்கம் 'சமையல் எண்ணெய் (பருத்தி விதை)' என்று கண்ணுக்கெட்டாத எழுத்தில் இருக்கும்.

இதில் உண்மையான நஞ்சு ஒன்று உண்டு, அது ஆய்வகத்தில் சேர்த்தது அல்ல. காசிப்போல் என்பது பருத்திச் செடி பூச்சியை விரட்டத் தானே செய்துகொள்வது. சீனாவில் 1970களில் இதை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகவே சோதித்துப் பார்த்தார்கள் என்றால் பாருங்கள். அதனால்தான் பருத்தி எண்ணெயைச் சுத்திகரிக்காமல் சாப்பிடக்கூடாது. டெக்சாஸில் கீர்த்தி ராத்தோர் என்ற விஞ்ஞானி விதையில் மட்டும் காசிப்போல் மிகக் குறைவாக இருக்கும் பருத்தியை உருவாக்கினார். உணவாகப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் ஆட்சேபம் இல்லை என்றது. அதுவும் மரபணு மாற்றம்தான். 'இயற்கை என்றால் நல்லது, ஜிஎம் என்றால் கெட்டது' என்று கோடு கிழிக்கிறவர்கள் இதை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

இன்னொன்று. மதுரைப் பக்கம் போனால் சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைத்த பருத்திப்பாலை ரசித்துக் குடிக்கிறோம். ரீஃபைனிங் எதுவும் கிடையாது, விதையை அரைத்துப் பிழிந்த பால். இன்றைய பருத்திக் கொட்டை பெரும்பாலும் பிடி கொட்டை. பிடி புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அதற்கான ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்த ஏற்பிகளும் இல்லை. போதாததற்குப் பாலைக் கொதிக்கவும் வைக்கிறோம். அதனால் நான் தைரியமாகக் குடிக்கிறேன். ஆனால் ஜிஎம்மை எதிர்த்துக்கொண்டே பருத்திப்பாலைப் பாரம்பரிய உணவுப் பட்டியலில் முதலிடத்தில் வைப்பது கொஞ்சம் வேடிக்கை.

சூரியகாந்தியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வணிகத்தில் ஜிஎம் சூரியகாந்தியே கிடையாது. அதன் பாட்டில் மேல் 'நான்-ஜிஎம்' என்று போடுவது, தேங்காயில் முள் இல்லை என்று விளம்பரம் செய்வது மாதிரி. உக்ரைனிலும் ரஷ்யாவிலும் இருந்து வருவதால் 2022இல் விலை எகிறியது எல்லோருக்கும் தெரியும். தாளிக்க ஓகே, திரும்பத் திரும்பப் பொரிக்க லாயக்கில்லை.

கடைசியாகச் செக்கு. பெங்களூரில் 'காணத எண்ணெ' (கன்னடத்தில் செக்கு எண்ணெய்) போர்டுகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன, பாதி நம்மூர்க்காரர்கள் நடத்துவது. மணத்துக்கு ஈடில்லை. நிலக்கடலையிலும் எள்ளிலும் ஜிஎம் ரகம் விற்பனையில் இல்லை. ஜிஎம் பயம் மட்டுமே அளவுகோல் என்றால் இதற்குத்தான் முதல் பரிசு. விலை சோயாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் செக்கில் வடிகட்டல் என்பது துணியும் வெயிலும்தான். கடலையில் இருப்பது எல்லாம் எண்ணெயில் கொஞ்சம் இறங்கும். ஈரக் கடலையில் பூக்கும் பூஞ்சை அஃப்ளாடாக்ஸினை விடும், அது கல்லீரலுக்கு எமன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைஃபோசேட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே வருஷம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பு குறைவு என்றது. அஃப்ளாடாக்ஸின் விஷயத்தில் அப்படிச் சண்டையே இல்லை, உறுதியாக உண்டாக்கும் என்ற முதல் பிரிவு. ரீஃபைனிங்கில் காரம் சேர்த்து, களிமண்ணில் வடிக்கும் கட்டங்களில் அஃப்ளாடாக்ஸின் பெரும்பாலும் போய்விடும், செக்கில் போகாது.

எனக்குத் தெரிந்த சேலத்து அண்ணன் ஒருவர் கடையில் "அண்ணே, மூட்டையைக் கொஞ்சம் பிரிங்க" என்றால் முகம் சுளிக்காமல் பிரிப்பார். முறத்தில் கொட்டிப் பரப்பினால் சுருங்கினது, கருத்தது, ஊதா படிந்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் தனியாகத் தெரியும். அவர் அதைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உரலில் கொட்டுவார். "இதையும் போட்டா புண்ணாக்கு கூட வரும் தம்பி, ஆனா எண்ணெய் கசக்கும்" என்பார். பொறுக்கினால் எல்லாம் போய்விடாது, ஆனால் பெரும்பங்கு சொத்தைக் கடலையில்தான் இருக்கும். மூட்டையைக் காட்ட மறுக்கிற செக்கில் நான் வாங்குவதில்லை.

ஆக, உடம்புக்கு என்று பார்த்தால் இந்த நான்கில் ஜிஎம்மா இல்லையா என்பதுதான் மிகச் சின்ன வித்தியாசம். கடலையின் தரம், எண்ணெயின் அளவு, பொரித்ததை மறுபடி சூடாக்குவது, இவையெல்லாம் அதைவிடப் பெரியவை. என் வீட்டில் தோசைக்கும் பொடிக்கும் செக்கு நல்லெண்ணெய், அன்றாடத்துக்குக் கடலை எண்ணெயும் சூரியகாந்தியும் மாற்றி மாற்றி, பண்டிகைக்கு முறுக்கு சுட சோயா.

ஜிஎம் எதிர்ப்பாளர்களோடு நான் முழுசாக ஒத்துப்போகும் இடம் லேபிள். ஜிஎம் உணவுப் பொட்டலத்தின் முகப்பில் 'ஜிஎம்' என்று போட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதல் இருக்கிறது. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2018இல் 65 உணவு மாதிரிகளைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் ஜிஎம் தடயம் இருந்தது, பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. ஐரோப்பாவில் ஜிஎம் சோயா எண்ணெயில் டிஎன்ஏ தென்படாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் தென்படாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. எப்படியோ, இரண்டு இடத்திலும் தெளிவான ஒரு கொள்கை இருக்கிறது. நான் புரட்டிப் பார்த்த சோயா பாக்கெட்டுகளில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆபத்து இல்லை என்று நம்புகிற கம்பெனிக்கு அந்த இரண்டு எழுத்தைப் போடுவதில் என்ன கஷ்டம்?